உறுமிக்கு உரிமம்

“…அதனால உரிமை உங்களுக்கு இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன் தம்பி. தாராளமா இருக்கு. உரிமம் எங்கேன்னுதான் கேக்கிறோம்.”

இதைச் சொன்னவள் என் தோழி. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கீழே தேங்காய் துருவிப் பால் பிழிந்து கொடுக்கும் கடை அவளுடையது. அதே சந்தையின் மேல்மாடியில் தையல் கடை என்னுடையது. அவள் ‘தம்பி’ என்று அழைத்தவர் ஓர் அரசாங்க அதிகாரி. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். சொன்ன இடம், அவருடைய மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை நடந்த மாப்பிள்ளை அழைப்பு. அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் முழுக்கச் சீரியல் விளக்கு. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார். உறுமி மேளக்காரர்கள் தோளில் மேளத்தோடு நிற்கிறார்கள். ஒருவரும் அடிக்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னிக்கிற கூட்டத்தில் நான் எப்போதுமே சேர்ந்ததில்லை. ஆகவே அந்தச் சந்தோஷத்துக்கு வேறு பெயர் வைக்கவும் போவதில்லை.

உரிமை, உரிமம். கடைசி ஓசைதான் வேறு. முதலாவது நாம் பிறக்கும்போதே நம்மோடு வருவது. இரண்டாவது ஓர் அலுவலகத்தில் கேட்டு, காத்திருந்து, முத்திரை போட்டு வாங்கிக்கொள்வது. வீட்டில் பேசும்போது இரண்டாவதைப் பெர்மிட் என்றோ லைசென்ஸ் என்றோ சொல்லிவிடுவோம், குழப்பம் வராது. நல்ல தமிழ் பேசவேண்டும் என்று யாராவது ஆசைப்படும்போதுதான் வம்பு.

அவள் புருஷன் கிராஞ்சியில் ஒரு செடித் தோட்டத்துக்கு லாரி ஓட்டினார். வேலை நாளில் செம்பருத்தியும் போகன்வில்லாவும் ஏற்றிக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுவார். வார இறுதியில் உறுமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் எழும்பும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே பிறந்தவர் என்று குழுவில் சொல்வார்கள். வாய் ஓயாத மனிதர். எனக்கு அவர் பேச்சு பிடிக்கும். துணி கொடுக்க அவளோடு வந்தால், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் சொன்னார்: “நான் செத்தா இவ அழவேணாம்க்கா. அழற வேலைய உறுமி பாத்துக்கும். இவ வர்றவங்களுக்கு மைலோ கலக்கட்டும், அதான் நல்லாக் கலக்குவா.”

லாரியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலியில் போய்விட்டார். புளோக் கீழ்த்தளத்தில்தான் உடலை வைத்திருந்தார்கள். மத்தியானம் உடலை எடுக்கிற நேரம், குழுவின் தலைவர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் மனிதர், குச்சியைத் தோலில் வைத்தார். முதல் முனகல் எழுந்ததும் என் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் அழுதிருக்கவில்லை.

பாடை தூக்குவதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை. கூட இன்னொருவர். பக்கத்து புளோக்கில் யாரோ புகார் செய்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் நம் ஆள்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பள்ளிக்கூட மேடையில் பேசுகிற தமிழில் சொன்னார்:

“வணக்கம். உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். ஆனால் உறுமி அடிப்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.”

“சார், சாவு வீடு லா. வண்டி ஏத்தற வரைக்கும்தான்,” என்றார் மாஸ்டர்.

“புரிகிறது ஐயா. ஆனால் உரிமை இல்லை.”

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அவர் திட்டவில்லை. கையை நீட்டவில்லை. மேளத்தைப் பிடுங்கவில்லை. மாஸ்டர் மேளத்தைத் தரையில் வைக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். இடையில் இரண்டு முறை மன்னிப்பும் கேட்டார். இவ்வளவு மரியாதையாக ஒருவன் நம்மைத் தடுத்தால், யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் போகிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் சாவுக்கு உறுமிய மனிதர், பாடையைத் தூக்கியவர்களின் செருப்புச் சத்தத்தோடு வண்டியில் ஏறினார்.

மண்டாய்ச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் கேட்டாள்: “அக்கா, உரிமை இல்லைன்னா சொன்னான்?”

“ஆமா.”

“என் புருஷனுக்கு அழறதுக்கு எனக்கு உரிமை இல்லையாமா?”

“மேளத்தச் சொன்னார்டீ.”

“நானும் அதைத்தான் சொல்றேன்.”

அதற்குப்பிறகு அவள் வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் மறந்துபோனது. அந்த ஒரு சொல்தான் தங்கியது. தேங்காயை உடைக்கும்போதும் அதையே சொல்வாள். வாங்க வந்தவர்கள் விலையைச் சொல்கிறாள் என்று நினைத்து “என்னா?” என்பார்கள்.

சில வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் சொல்ல வந்தது உரிமம். பெர்மிட்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி, பக்கத்துச் சொல்லைத் தொட்டுவிட்டார். கீழே போய் அவளிடம் சொன்னேன். இதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுவாள் என்று நினைத்தேன். அவள் துருவும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“நாக்கு பிசகிடுச்சா?”

“அப்படித்தான் தெரியுது.”

“பிசகுனதுல உண்மை வெளிய வந்துடுச்சு,” என்று சொல்லி மறுபடியும் இயந்திரத்தைப் போட்டாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. என் ஆங்கிலம் நூல்கண்டுப் பெட்டிகளிலும் பழைய செய்தித்தாளிலும் எழுத்துக் கூட்டிக் கற்றது. ஆனால் உண்மையிலேயே உரிமை இருக்கிறதா இல்லையா என்பதை எழுதிவைத்த ஒரு புத்தகம் இந்த நாட்டில் இருக்கிறது, அதற்குப் பெயர் அரசமைப்புச் சட்டம் என்பது தெரியும். கடை விடுமுறை நாளில் நூலகத்துக்கு நடந்தேன். தமிழில் தேடினேன், என் கண்ணுக்குப் படவில்லை. ஆங்கிலத்தில் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைக் கைக்கொள்ள உரிமை. குடிமக்களுக்குப் பேச உரிமை, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூட உரிமை. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரோ நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வதுபோல இருந்தது. பிறகு கீழே வந்தேன். கீழே ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கிறது. பொது ஒழுங்கு பற்றிய சட்டத்துக்கு முரணாக எதையும் செய்ய இந்த உரிமை இடம் தராது. நாடாளுமன்றம் தேவை என்றோ உசிதம் என்றோ கருதினால் கட்டுப்பாடு விதிக்கலாம். அந்த ‘உசிதம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது. அகராதியைப் புரட்டினேன். காரியத்துக்குத் தோதானது, வசதியானது என்று போட்டிருந்தது.

நாங்கள் ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலில் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுவைப்போம். போடுகிறவள் நாளைக்குப் பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கங்களைத் தைத்தவர் நல்ல தையற்காரர். நிறையவே உள்ளே விட்டிருக்கிறார். ஆனால் நான் பருத்தால் பிரித்துக்கொள்ள அல்ல, அரசாங்கம் பருத்தால் பிரித்துக்கொள்ள.

காத்தோங்கிலிருந்து ஓர் அம்மா என்னிடம் தைக்கக் கொடுப்பார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அளவெடுக்கும்போது கேட்டேன், இதற்குக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று.

“ஓம், போகலாம். கோர்ட் வாசல் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. உள்ளுக்கு ஏர்கானும் நல்லா வேலை செய்யும்.”

“விளையாடாதீங்கம்மா. அரசாங்கத்தக் கட்டுப்படுத்தலன்னா அந்தப் புத்தகம் எதுக்கு?”

“கையைத் தூக்கவோ, வேண்டாமோ?”

“தூக்குங்க.”

தூக்கிக்கொண்டே சொன்னார்: “காரணம் சொல்லாமல் அரசாங்க ஆக்கள் ஏதும் செய்ய வந்தால் அந்தப் புத்தகம் மறிக்கும். ‘ஏன்’ எண்டு கேக்கும். அது சின்னக் காரியம் இல்லை பிள்ளை, கன நாட்டிலை அதுவும் கிடையாது. ஆனால் பொது ஒழுங்குக்காக எண்டு ஒரு வரி சொன்னால், சரி போயிட்டு வா எண்டு விட்டுடும். நான் அடிச்ச டைப்பிலை, காரணம் சொல்லத் தெரியாத அரசாங்கத்தை ஒருநாளும் கண்டதில்லை. முதுகு இறக்கி வையும், இந்த முறை காத்து வரட்டும்.”

இதை அப்படியே என் தோழிக்குச் சொன்னேன், ஏர்கான் உட்பட. சிரித்தாள். சிரித்து முடித்து, “அப்போ அவனை எதுதான் கட்டும்?” என்றாள்.

பதில் அதுவாகவே படியேறி என் கடைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை. மகளின் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். பின்னால் பை தூக்கிக்கொண்டு அப்பா. எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும்தான் தோன்றியது. பிறகு அவர் வாயைத் திறந்தார்.

“வணக்கம். இந்த இரவிக்கைகள் எப்பொழுது ஆயத்தமாகும்?”

தேக்காவில் இப்படிப் பேசுகிற ஆள் இரண்டு பேர் இருக்க முடியாது.

“என்னங்க, பிளவுஸ் எப்ப ரெடியாகும்னு கேளுங்க லா,” என்றார் மனைவி. எனக்கு அளவு நாடா கையிலேயே நின்றுவிட்டது.

கல்யாணப் பேச்சை வளர்த்தேன். அது எனக்குக் கைவந்தது, யாரையும் பேசவைத்துவிடுவேன். மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன ஏற்பாடு என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“உறுமி மேளம் வைத்திருக்கிறோம். நமது பாரம்பரியம் அல்லவா?”

“அதுக்குப் பெர்மிட்டெல்லாம் வாங்கணுமாமே சார்?”

மனைவி சிரித்தார். “இவரு அங்கதானே வேலை பாக்கிறாரு. இவருகிட்டயே கேக்கிறீங்களே.”

“சிறிய நிகழ்ச்சிதானே,” என்றார் அவர். “யார் புகார் செய்யப்போகிறார்கள்?”

அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்தேன். நல்ல பெண். தோள் கூசுகிறது என்று சிரித்தபடியே நின்றாள். ரவிக்கையை அரை அங்குலம் இறுக்கித் தைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், நினைக்கவில்லை என்றால் பொய். பிறகு, இது துணியில் தீர்க்கிற கணக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். அவர்கள் படியிறங்கியதும், நானும் வேறு படி வழியாகக் கீழே இறங்கித் தேங்காய்க் கடைக்குப் போனேன்.

என் தோழி முதலில் சொன்னது, “அன்னைக்கு மேளம் ஆரம்பிச்ச நிமிஷம் நான் போன் போடறேன்” என்பதுதான். கண் பளபளவென்று இருந்தது. பிறகு அவளே நிறுத்தினாள். “எந்தக் குழுவாம்?” என்று கேட்டாள். அதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்திருந்தேன்: மாஸ்டரின் குழு. அவள் புருஷன் அடித்த அதே குழு. புகார் போனால் அதிகாரிக்கு ஒரு கண்டிப்போடு போகும். மேளம் இவர்களுடையது, அடித்த கை இவர்களுடையது. மாட்டுவதும் இவர்கள்தான்.

“அவனை அடிக்கப்போயி அண்ணனுங்க மேல விழும்,” என்றாள்.

மறுநாள் ஜாலான் புசாருக்குப் போனோம். மாஸ்டர் அங்கே ஒரு ஹார்ட்வேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறார். சங்கிலியும் பூட்டும் தொங்கும் இடுக்கில் நின்றபடி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வீட்டுக் கல்யாணம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. போனில் பேசி ஒத்துக்கொண்டது.

“அண்ணே, போகாதீங்க,” என்றாள்.

“போகாம இருந்தா வேற குழுவக் கூப்பிட்டுக்குவான். போறோம். வேட்டி கட்டிக்கிட்டு, பொட்டு வச்சுக்கிட்டு, நேரத்துக்குப் போய் நிக்கிறோம்.” ஒரு பூட்டை எடுத்துத் துடைத்தார். “அடிக்க மாட்டோம்னு சொல்றது வேற. பேப்பரக் காட்டுங்க, அடிக்கிறோம்னு சொல்றது வேற. ரெண்டாவது சொன்னா யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது லா. நாங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆளுங்க.”

அவள் சிரித்தாள். புருஷன் போனபிறகு அப்படி ஒரு சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரியின் மனைவி எனக்குப் பத்திரிகை கொடுத்திருந்தார். நான் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆரத்தித் தட்டோடு பெண்கள் தயாராக நிற்க, மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி பட்டு வேட்டியில் வந்து மாஸ்டருக்குச் சைகை காட்டினார். மாஸ்டர் அசையவில்லை.

“தொடங்குங்கள் ஐயா.”

“உரிமத்தக் காட்டிடுங்க சார். தொடங்கிடறோம்.”

“என்ன?”

“பெர்மிட்டு. போன தடவை அது இல்லாம அடிச்சு, ஒரு சாவு வீட்டுல பாதியில நிறுத்தவேண்டியதாப் போச்சு. அதுலேர்ந்து நாங்க ரொம்ப ஜாக்கிரதை.”

அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா என்ன தாமதம் என்று கழுத்தை நீட்டினார். பள்ளிக்கூடத் தமிழ் அந்த இடத்திலேயே அவரை விட்டு ஓடிப்போனது.

“மாஸ்டர், ஜோக் பண்ணாதீங்க லா. எல்லாரும் வெயிட் பண்றாங்க. நான் பாத்துக்கிறேன், ப்ளீஸ்.”

“நீங்க பாத்துக்குவீங்க சார். எங்கள யாரு பாத்துக்குவா? அங்க நிக்கிறாங்க பாருங்க ஒரு அக்கா. அவங்க வீட்டுலதான் நிறுத்துனோம். அவங்க சரின்னா எங்களுக்குச் சரி.”

அவர் எங்களிடம் வந்தார். முதலில் அவளைத் தெரியவில்லை. எந்த புளோக், எந்த மத்தியானம் என்று அவள் சொன்னதும் முகம் வெளுத்தது. பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மாடி நடைபாதையிலிருந்து அந்தப் பெண், நான் தைத்த ரவிக்கையில், மேளம் ஏன் இன்னும் கேட்கவில்லை என்று எட்டிப் பார்த்தாள். அங்கேதான் எனக்குச் சற்றே குத்தியது. அதோடு சரி.

“ஆன்ட்டி, அன்னைக்கு நான் என் டியூட்டியத்தான் செஞ்சேன்,” என்றார்.

“தெரியும்.”

“உரிமம்னு சொல்ல வந்தேன். மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான் தெரிஞ்சது. சாரி ஆன்ட்டி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் அவருக்கும் அந்தச் சொல் தெரிந்தே இருந்திருக்கிறது. வந்து திருத்திச் சொல்ல ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சம்பந்தி முன்னால் நிற்கும்போதுதான் தோன்றுகிறது. நூலகத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த அத்தனை பக்கமும் செய்யாததை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சம்பந்திக் கூட்டம் செய்தது.

“என் பொண்ணு என்ன செஞ்சா ஆன்ட்டி?” என்றார் மெதுவாக.

“ஒண்ணும் செய்யல. என் புருஷனும் ஒண்ணும் செய்யல.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்க அன்னைக்குக் காரணம் சொன்னீங்க, நாங்க கேட்டுக்கிட்டோம். இன்னைக்கு மாஸ்டர் காரணம் சொல்றாரு. உங்க மகளுக்கு மேளத்தோட மாப்பிள்ளைய வரவேற்கணும்னு ஆசை இருக்கும், அதனால உரிமை உங்களுக்கு இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன் தம்பி. தாராளமா இருக்கு. உரிமம் எங்கேன்னுதான் கேக்கிறோம்.”

அவர் எங்களைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், பிறகு சம்பந்தியிடம் போய் ஏதோ சொன்னார். யாரோ ஒரு பையன் போனில் நாதஸ்வரத்தைத் தேடினான். விளம்பரம் ஒன்று பாடி முடிந்தபிறகு நாதஸ்வரம் வந்தது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை நடந்து போனார். மாஸ்டரும் ஆட்களும் மேளத்தோடு, ஓரமாக ஒதுங்கி, மரியாதையாக வழிவிட்டார்கள்.

ஆரத்தி முடிந்து பந்தி போட்டார்கள். மேளம் ஏன் அடிக்கவில்லை என்பது தெரியாத அதிகாரியின் மனைவி எங்களைத் தேடி வந்து, கை நனைக்காமல் போகக்கூடாது என்று இருவரையும் இழுத்து உட்காரவைத்தார். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். வடையோடு வந்தவர் பரிமாறக் குனிந்தபோது, என் தோழி இலையைப் பாதியாக மடித்துத் தள்ளி வைத்தாள். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தேங்காய்ச் சோறு. அந்த வீட்டு உப்பில் கை வைக்காமல், அந்த வீட்டு விளக்கு வெளிச்சத்தில், அதிகாரி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.